குருவிக் காலில் கட்டிய காய்ச்சல்

பால்காரனை மட்டுமல்ல, பசுவையும் சந்தேகப்படுகிறவள் ராமலெட்சுமி என்று மாரியூரில் சொல்வார்கள். அதில் மிகை கொஞ்சம்தான். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை அவளுக்கு. பக்கத்துப் பாத்திக்காரி சிரித்தால்கூட, எதற்குச் சிரித்தாள் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போவாள்.

அப்படிப்பட்டவள் கண்ணில், அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், பறவை டாக்டர் வந்து விழுந்தார். மெட்ராஸ்காரர். ஊருக்கு மேற்கே பனங்காட்டில் கூடாரம் போட்டு, வலையும் மைக்ராஸ்கோப்புமாக உட்கார்ந்துவிட்டார். ராமலெட்சுமியின் புருஷன் தவசி அங்கே வலை கட்டும் வேலைக்குப் போனான். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து கூட்டங்கூட்டமாய் வந்து கொல்லையில் இறங்கும் சோளக்குருவிகளைப் பிடிப்பார்கள். இறக்கையடியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். காலில் சின்ன வளையம் ஒன்றை மாட்டிப் பறக்கவிட்டுவிடுவார்கள்.

"பிடிச்ச குருவிய எவனாச்சும் விடுவானா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"எங்கன இருந்து வருது, எங்கன போகுதுன்னு கண்டுபிடிக்கிறாகளாம் புள்ள. குருவிக்கும் காய்ச்சல் வருமாம்ல. ரத்தத்துல பூச்சி இருக்காம்."

காய்ச்சல் என்ற ஒரு வார்த்தை போதாதா அவளுக்கு? நோயாளியின் தலையைச் சுற்றி ஒரு கோழியை ஊர் எல்லைக்கு வெளியே விட்டால், நோயும் அதோடு போய்விடும் என்பது அங்கே வழக்கம். கோழியின் காலில் மஞ்சள் துணி கட்டுவார்கள். அது நோயைக் கட்டுவதாகும். ராமலெட்சுமியே போன வருஷம் மாமியாருக்காக ஒரு சேவலைச் சாயல்குடிப் பக்கம் விட்டுவிட்டு வந்தவள்தான். அதை யார் பிடித்தார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவள் விசாரிக்கவில்லை. தான் திருடி பிறரை நம்பாள் என்பார்கள். எவனோ பெரிய மனிதன் வீட்டு நோயைக் குருவிக் காலில் கட்டி மாரியூரில் இறக்குகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறு வாரமே மகள் முருகேஸ்வரிக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டிக்க நடுங்கினாள். பிறகு உடம்பு அனலாய்க் கொதித்தது. மலேரியாவுக்கு வீடு வீடாக வருகிற ஆள், விரலில் குத்த வேண்டும் என்று அதே மாதிரிக் கண்ணாடித் துண்டை எடுத்தான். ராமலெட்சுமி விளக்குமாற்றை எடுத்தாள். அவன் போன திசை தெரியவில்லை.

அடுத்த காய்ச்சலில் பிள்ளைக்குக் கண் செருகியது. பெற்றவளையே பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டது. ராமலெட்சுமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் பனங்காட்டுக்கு ஓடினாள்.

"கட்டினத அவுருங்க!"

டாக்டர் விழித்தார். "எதம்மா?"

"குருவி கால்ல கட்டினத. அது எம்புள்ளைக்கு எறங்கிருச்சு. அம்புட்டு வளையத்தையும் கழட்டுங்க, இல்ல கூடாரத்தக் கொளுத்திப்புடுவேன்!"

டாக்டர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "குருவிக் காய்ச்சல் மனுஷங்களுக்கு ஒட்டாதும்மா. அந்தப் பூச்சி வேற, இந்தப் பூச்சி வேற. ரெண்டையும் பரப்புறது கொசுதான். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துடறேன்."

"எம்புள்ள ரத்தத்த எந்தக் குருவிக்கு ஏத்தப் போறீக?"

அவர் தன் விரலையே முதலில் குத்திக் காட்டினார்.

"அது ஒங்க ரத்தம், ஒங்க இஷ்டம்" என்றாள்.

அதற்குள் முருகேஸ்வரியின் தலை துவண்டு அவள் தோளில் சரிந்தது. சந்தேகம் போய்விடவில்லை. பயம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. பிள்ளையின் விரலை அவளே பிடித்து நீட்டினாள்.

மலேரியாவேதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை முதலில் தானே விழுங்கிவிட்டு, தனக்கு என்ன ஆகிறதென்று அவரை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள் ராமலெட்சுமி. கசப்பு குடலைப் பிடுங்கியது. "இம்புட்டுக் கசந்தா மருந்தாத்தான் இருக்கும்" என்று தேறி, அடுத்ததைப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தாள்.

சில நாளில் முருகேஸ்வரி எழுந்து உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்டாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் ராமலெட்சுமி மறுபடி கூடாரத்துக்கு வந்தாள். டாக்டர் கையில் ஒரு சோளக்குருவி, சிறகு சிலிர்த்து, கண் பாதி மூடிக் கிடந்தது.

"இதுக்கும் காய்ச்சல்தாம்மா. ரத்தம் பூரா பூச்சி."

"மாத்திர குடுத்தாச்சா?"

"குருவிக்கு ஏதும்மா மாத்திரை? பங்குனியில கூட்டம் வடக்கே திரும்பும். முடிஞ்சா இதுவும் போய்ச் சேரும்."

"அப்பறம் எதுக்கு அதக் குத்தி ரத்தம் எடுத்தீக?"

"தெரிஞ்சுக்கத்தான்."

ராமலெட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டீகள்ல? போதும், இங்கன குடுங்க, இனி நாம் பாத்துக்கிறேன்" என்று குருவியை அவர் கையிலிருந்து வாங்கி, முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.