பாகோ அண்ணன் ஓடிய ஓட்டம்

அந்தமானில் பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டியில் டீக்கடை வைத்திருக்கும் ராஜமாணிக்கம், ஒரு காலத்தில் சினிமாவில் தியேட்டரையே குலுங்கவைத்த காமெடியன் என்றால் புதிதாய் வந்தவர்கள் நம்புவதில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்கவே அந்த மனுஷனுக்கு வாய் வலிக்கும்.

கப்பலேறி மெட்ராஸ் போய், ஏழு வருஷம் கம்பெனி கம்பெனியாய் அலைந்தபின் ஒரு வேஷம் கிடைத்தது. தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற ஆள். வேட்டியைத் தொடைக்குமேல் சுருட்டி, கழுத்தைக் கோணிக்கொண்டு கத்தியபடி ஓட வேண்டும். வசனத்தில் 'ஓடுங்க' என்றுதான் எழுதியிருந்தது. அந்தமான்காரர் வாயில் அவசரத்துக்கு இந்திதானே வரும்! "பாகோ! கடல் வருது, பாகோ!" என்று கத்திவிட்டார். பிறகென்ன, பதினோரு படம். பதினொன்றிலும் அதே ஓட்டம். தீவில் எல்லோருக்கும் அவர் பாகோ அண்ணன்.

2004 டிசம்பரில் மனைவி மரகதத்தோடு தீவில் வண்டூர்க் கடற்கரையில் இருந்த மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நிலம் ஆடி ஓய்ந்தது. கடல் உள்வாங்கியதை ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. தூரத்தில் தண்ணீர் எழும்பி வருவதை முதலில் கண்டவர் ராஜமாணிக்கம்தான். பயம் என்றால் அந்த உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கை தானாக வேட்டியைச் சுருட்டியது. கழுத்து தானாகக் கோணியது.

"பாகோ! கடல் வருது, பாகோ!"

கரையே கைதட்டியது. "ஒன்ஸ் மோர் அண்ணே!" என்று விசிலடித்தார்கள். மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் திரும்பி ஓடிவந்து அவள் கையைப் பற்றுவதற்குள் தண்ணீர் இருவரையும் புரட்டிவிட்டது. மேட்டில் நின்ற மாமியார் சொர்ணம்மா பிழைத்தாள். தென்னையில் சிக்கி அவரும் பிழைத்தார். மரகதம் மூன்றாம் நாள் கிடைத்தாள்.

அதோடு சினிமாவுக்கு முழுக்கு. ஆனால் சிரிப்பு அவரை விட்டதா? கடையில் யாராவது முதுகுக்குப் பின்னால் சிரித்தால் கையிலிருக்கும் கிளாஸ் விழும். அந்தச் சிரிப்புக்குள் மரகதமும் சிரிப்பாள். பிரமை என்று சொல்லி என்ன பிரயோசனம், அவர் காதில் விழுந்ததே! தன் மகனோடு பாம்பூஃப்ளாட்டுக்கே குடிவந்த சொர்ணம்மாவோ அவர் முகத்தில் விழிக்கவில்லை. சாகிற நேரத்திலும் கோமாளித்தனம் பண்ணினவன் என்று ஏழு வருஷ ஆங்காரம்.

2012 ஏப்ரலில் ஒரு மத்தியானம் மறுபடி நிலம் ஆடியது. ஜெட்டியில் ஃபெர்ரிக்கு நின்ற கூட்டத்தில் சொர்ணம்மாவும் இருந்தாள். எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜமாணிக்கம் கடையைவிட்டு வெளியே வந்தார். கத்தினால் சிரிப்பார்களே. கத்தாவிட்டால்? வேறு மாதிரி கத்த எவ்வளவோ முயன்றார். பாழாய்ப்போன உடம்பு கேட்கவில்லை. வேட்டி சுருண்டது, கழுத்து கோணியது.

"பாகோ! கடல் வருது, பாகோ!"

ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டி, பை, செருப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஜெட்டியே மேட்டுக்கு ஓடியது. சாயங்காலம்வரை அங்கேயே காத்திருந்தார்கள். கடல் வரவில்லை.

ஆபத்து நீங்கியதென்று போலீஸ் சொல்லிப்போனபின், சொர்ணம்மா மெல்ல அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கும் இப்பிடி நெசமாக் கத்தியிருந்தா எம்பொண்ணு ஓடியிருப்பாளே, மாப்ளே?"

ராஜமாணிக்கம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அன்னைக்கும் நெசமாத்தான் அத்தே கத்துனேன்."