மலர் அக்காவிடம் சொல்லாமல் விட்டது

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் காரவன் வாட்ஸ்அப் குழுவில் மலர் அக்கா ஒரு செய்தி போட்டிருந்தார். "சனிக்கிழமை காத்து கூடவாம். ஆரும் ஓனிங்கை விரிச்சுப்போட்டு வெளிய போகாதேங்கோ." ஓனிங் என்பது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டுவண்டியான காரவனின் பக்கவாட்டில் பந்தல் போல இழுத்து விரிக்கும் துணிக்கூரை. ஆக்லாந்தில், ரானுயி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபடி அதைப் படித்து, ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன். பதினொன்றரை மணிக்கு அலுவலகத்தில் கூட்டம் முடிந்து மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அந்தச் செய்திக்கு நேர் கீழே இன்னொரு செய்தி இருந்தது. "மலர் அக்கா இன்று காலை காலமாகிவிட்டார்."

வேறு யாரோ ஒரு மலராக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். குழுவில் மலர் என்று ஒருவர்தான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன். கணவர் செந்திலைக் கூப்பிட்டேன். "யாரோ தப்பா போட்டிருப்பாங்க கௌரி. காலைல ஏழு மணிக்குக்கூட மெசேஜ் போட்டாங்களே" என்றார். சனிக்கிழமை வரப்போகும் காற்றுக்குச் செவ்வாய்க்கிழமையே எச்சரிக்கை சொன்னவர், அதே செவ்வாய்க்கிழமை மத்தியானத்தைப் பார்க்கவில்லை என்பதை இருவராலும் ஏற்க முடியவில்லை.

அக்கா ஹெண்டர்சனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தார். அன்றும் வழக்கம்போல வந்து, காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சீட் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார். அதற்குமேல் அவர் எழுந்திருக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து உடன் வேலை செய்யும் பெண் அவரைக் கடந்து உள்ளே போயிருக்கிறார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வயது ஐம்பத்தொன்று. முந்தின வாரம்தான் ஒரு குடும்பத்துக்கு டயர்களில் காற்றுப் பார்க்கக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆக்லாந்தின் மேற்குப் பக்கத்தில் முதல்முறையாகக் காரவன் வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் அவருடைய குரலைக் கேட்காதவர்கள் குறைவு. நான் அந்தக் குரலைக் கேட்டது எங்கள் தெருவிலேயே. செந்தில் பழைய காரவன் ஒன்றை வாங்கி வீட்டுக்கு இழுத்து வந்த நாள் அது. வாசலில் பின்னுக்குத் திருப்பப் போய், கார் ஒரு பக்கம் காரவன் ஒரு பக்கமாக மடங்கி, தெருவை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள். "வேலி, வேலி! நிறுத்துங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஒரு காரிலிருந்து வேலைச் சீருடையோடு ஒரு பெண் இறங்கி வந்தார். "தமிழோ?" என்று மட்டும் கேட்டார். நேராகச் செந்திலின் ஜன்னலுக்குப் போனார்.

"தம்பி, கையை ஸ்டியரிங்கின்ர அடியில வையுங்கோ. காரவனின்ர பின்பக்கம் எந்தப் பக்கம் போகோணுமோ, அந்தப் பக்கத்துக்குக் கையைத் தள்ளுங்கோ. மெல்ல. நிக்கிற ஆக்கள் நிக்கட்டும்."

நான்கு முறை முன்னே, நான்கு முறை பின்னே. காரவன் வாசலுக்குள் வந்து நின்றது. காத்திருந்தவர்களை நோக்கி அவர் கை உயர்த்தி நன்றி சொன்னார். அவர்தான் எங்களைக் காப்பாற்றினார், நன்றியையும் அவரே சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை எங்களோடு வெஸ்ட்கேட்டுக்குக் கடைக்கு வந்தார். செந்தில் அதற்குள் தள்ளுவண்டியை நிரப்பியிருந்தார். மடக்கு மேசை, வண்ண விளக்குச் சரம், காபி மெஷின். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தார். "இதெல்லாம் ரெண்டாம் வருசம் வாங்கலாம். முதல் வருசம் உயிரோட திரும்பி வாறதுக்கு வேண்டினதை மட்டும் வாங்குங்கோ." சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கட்டைகள், வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ரசமட்டம், காரின் கண்ணாடிக்கு மேல் மாட்டும் அகலக் கண்ணாடி இரண்டு, நீளமான மின்சாரக் கேபிள், தீயணைப்பான். தண்ணீர்க் குழாய் மட்டும் இரண்டு நிறத்தில் எடுத்தார். குடிதண்ணீருக்கு ஒன்று, கழிவறைத் தொட்டி கழுவ ஒன்று. "நிறம் மாறிச்சோ, அந்த ஹொலிடே முழுக்க வயித்தாலடிதான்."

கடைசியாக, மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் மணமே இல்லாமல் சேரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்றை எடுத்து வைத்தார். செந்திலுக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. "அதான் ஜன்னல் இருக்கே அக்கா" என்றார்.

"யன்னல் நித்திரையில எழுப்பாது, தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். வாங்கினோம். அன்று மாலையே வந்து, அதைத் தன் கையாலேயே காரவனுக்குள் பொருத்தினார். தரையோரமிருந்த காற்றுத் துளையைக் காட்டி, "எவ்வளவு குளிரெண்டாலும் இதை மட்டும் அடைக்காதேங்கோ" என்று என்னிடமும் செந்திலிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அவருடைய பேச்சு சில சமயம் எரிச்சலூட்டும். நானே எரிச்சல்பட்டிருக்கிறேன். முதல் பயணத்துக்குச் செந்தில் அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், இட்லிப் பானை எல்லாவற்றையும் காரவனின் பின்பக்கத்தில் ஏற்றியிருந்தார். வழியனுப்ப வந்த அக்கா மொத்தத்தையும் இறக்கச் சொன்னார். "காரவனுக்கு வால் கனக்கக் கூடாது. வால் ஆடத் தொடங்கினால் காரையும் சேர்த்து ஆட்டும்." சக்கரத்துக்கு மேலே வருமாறு எல்லாவற்றையும் நடுவில் அடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. காரோடு காரவனை இணைக்கும் கொக்கியை மாட்டும்போது ஏதோ கேட்க நான் வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "கொக்கி மாட்டேக்க ஒருத்தரோடயும் கதைக்கக் கூடாது. கொக்கி, பூட்டு, சங்கிலி. மூண்டையும் தொட்டுப் பாத்தாப் பிறகு கதையுங்கோ." குரல் அவ்வளவு கடுமையாக இருந்ததில் எனக்கு முகம் வாடிப்போனது. காரில் போகும்போது செந்தில், "ரொம்பத்தான் பண்றாங்க" என்றார். நான் "ஆமா" என்றேன்.

பிறகு பல முறை அக்காவும் அவர் கணவர் தயா அண்ணாவும் எங்களோடு விடுமுறை முகாம்களுக்கு வந்திருக்கிறார்கள். எப்போதும் ஒரு சின்னப் பச்சைக் கூடாரத்தோடு. நாங்கள் காரவனில் படுப்போம், அவர்கள் புல்தரையில். கேட்டால் "எனக்கு மண்ணில படுத்தால்தான் நித்திரை" என்பார். அதற்குமேல் நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவருடைய காரவன் வீட்டில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

இனி எழுதப்போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

போன வருடம் ஜூலை, இங்கே குளிர்காலப் பள்ளி விடுமுறை. அக்கா வராத பயணம் அது. வடக்கே ஒரு கடற்கரை முகாமில் நாங்கள் மூவர் மட்டும்: நான், செந்தில், எங்கள் மகள் நிலா. காலையிலிருந்து நிற்காத மழை. ஹீட்டர் வேலை செய்யவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் செந்தில் கேஸ் அடுப்பைச் சூட்டுக்காகச் சின்னதாக எரியவிட்டார். கீழேயிருந்து குளிர்காற்று வருகிறது என்று காற்றுத் துளையில் ஒரு துண்டைத் திணித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்கா சொன்னது நினைவுக்கும் வந்தது. கொஞ்ச நேரம்தானே என்று இருந்துவிட்டேன். மூன்று பேரும் போர்வைக்குள் படுத்தோம்.

எங்கேயோ ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அலுவலகத்தில் தீயணைப்புப் பயிற்சி நடப்பதாகக் கனவில் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது தலை கல்லாகக் கனத்தது. எழுந்தேன், கால் நிற்கவில்லை. செந்தில் உட்கார்ந்தபடி அலாரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அது என்னவென்று புரியாதவர் போல. நிலாவை உலுக்கினேன். அவள் எழுந்திருக்கவில்லை. அவளை எப்படிக் கதவுவரை இழுத்தேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. மழையில், சேற்றில், இருவரும் விழுந்தோம். செந்தில் பின்னாலேயே தவழ்ந்து வந்தார். புல்லில் கிடந்த நிலா வாந்தியெடுத்தாள். அவள் வாந்தியெடுத்ததைப் பார்த்து நான் கடவுளே என்று கும்பிட்டேன். பக்கத்துக் காரவன்காரர் ஒருவர் போர்வையோடு ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் நிலா ஐஸ்கிரீம் கேட்டாள்.

வீடு திரும்பும் வழியில் செந்தில் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாத கௌரி. முக்கியமா மலர் அக்காகிட்ட. அவ்வளவு சொல்லியும் அடைச்சேன்னு தெரிஞ்சா நான் எப்படி அவங்க முகத்தைப் பார்ப்பேன்?" நிலா பின்சீட்டிலிருந்து, மலர் ஆன்ட்டிக்கு ஏன் சொல்லக் கூடாது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். செந்தில் ரேடியோவைப் போட்டார்.

அதன் பிறகு ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "அலாரத்துக்கு பட்டரி மாத்தினீங்களோ?" செந்தில் வீட்டில் இல்லை. நிலா பள்ளியில். சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "மாத்திட்டோம் அக்கா" என்றேன். "கெட்டிக்காரி" என்று சொல்லி என் கையைத் தட்டினார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அக்கா இறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நாங்கள் மூவரும் அக்காவின் வீட்டுக்குப் போனோம். வரவேற்பறை நிறைய ஆட்கள். தயா அண்ணா ஒரு நாற்காலியில், யார் வந்தாலும் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அழவில்லை. அழுவதற்கே அவருக்கு இன்னும் செய்தி போய்ச் சேராததுபோல இருந்தது. வெளியே வாகனம் நிறுத்தும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் செந்தில் கேட்டார்: "அக்காவோட காரவன் எங்கண்ணா நிக்குது?"

"எங்களிட்ட எங்க தம்பி காரவன்? அது வித்து எட்டு வருசமாச்சு."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். ஒரு கோடையில் மேற்குக் கடற்கரைக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அக்கா கொக்கியை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "நான்தான் தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போய்ச் செய்யுமன் எண்டு கூப்பிட்டனான். குடிச்சிட்டு வந்தவள், பூட்டினாச்சு எண்டு நினைச்சு ஏறீற்றாள். சங்கிலியும் போடேல்ல." இறக்கத்தில் காரவன் கழன்றிருக்கிறது. எதிர்ப் பக்கத்துக்குப் பாய்ந்து, ஒரு வீட்டு வேலியை உடைத்துக்கொண்டு முற்றத்துக்குள் போய் நின்றிருக்கிறது. "அங்க பிள்ளையள் குளிக்கிற காத்தடிச்ச தொட்டி. அதுக்கு மேலதான் நிண்டது. பிள்ளையள் அப்பதான் சாப்பிட உள்ள போனதுகள். தண்ணி அவ்வளவும் தெருவுக்கு ஓடினது. அவள் அந்தத் தண்ணியைப் பாத்துக்கொண்டே இருந்தவள். அதுக்குப் பிறகு அவள் ஒரு காரவனைக் காரில கொழுவினதில்லை."

எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் எட்டு வருடமாகக் காரவன் இழுத்ததே இல்லை. செந்தில் திடீரென்று தயா அண்ணாவின் காலருகே தரையில் உட்கார்ந்தார். ஜூலை மாதத்து மத்தியானத்தை முழுவதும் சொன்னார். துண்டைத் திணித்ததை, அலாரம் அடித்ததை, நிலா எழாததை. "அண்ணா, நாங்க மூணு பேரும் இன்னிக்கு இருக்கறது அக்காவால" என்றார்.

தயா அண்ணா நிலாவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது அவளுக்குத் தெரியுமோ?"

செந்தில் இல்லை என்று தலையசைத்தார்.

"ஒருக்காச் சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒரு விபத்துக்காக எட்டு வருடம் ஒருவர் வீடு வீடாகப் போய்க் கொக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று உயிரைக் காப்பாற்றிவிட்டார் என்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுபடி காரவன் வாங்கியிருப்பாரா, தெரியாது. ஓர் இரவாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எங்கள் வெட்கத்துக்காக அதை அவருக்குக் கொடுக்காமல் விட்டோம். நாளைக்குச் சொல்லலாம் என்றுகூட நாங்கள் நினைத்திருக்கவில்லை. சொல்லவே வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தோம். இப்போது சொல்ல நினைத்தாலும் கேட்க அவர் இல்லை.

மறுநாள் செந்தில் எல்லாவற்றையும் குழுவில் எழுதினார். சில நிமிடங்களில் ஒரு குடும்பத்திடமிருந்து பதில் வந்தது. அவர்களுக்கும் ஒருமுறை கொக்கி கழன்றதாம், அக்கா வாங்கவைத்த சங்கிலிதான் பிடித்து நிறுத்தியதாம். அவர்களும் அவரிடம் சொல்லவில்லை. உங்களில் இன்னும் யாரிடமாவது இப்படி ஒன்று இருந்தால், தயா அண்ணாவிடம் போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில்.

அக்காவின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று என்னை யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. எல்லாப் படத்தையும் அவர்தான் எடுத்தார். என்னிடம் இருப்பது நிலா. இதை எழுதும்போது அடுத்த அறையில் தோழியோடு போனில் ஆங்கிலத்தில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் மெதுவாகப் பேசு என்று சொல்ல எழுந்தேன். சொல்லாமல், கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.