முப்பத்தாறு படி மேலே

காலை ஏழு பத்து. சாய்ந்தமருதில் நாங்கள் இருந்த தற்காலிகக் கொட்டிலின் வாசலில் பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் கை உழவு யந்திரம் வந்து நின்றது. பெட்டியில் ஏற்ற ஒரு அலுமாரி, இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, சட்டி பானை, என் மகள் ஷிரீனின் புத்தகங்கள். மருதமுனை வரை வாடகை ஆயிரத்து ஐந்நூறு ரூபா. தூரம் ஆறரைக் கிலோமீற்றர்.

தூரத்தை நான் அளக்கத் தேவையில்லை. பதினெட்டு வருடமாகக் கல்முனை–பொத்துவில் பஸ்ஸில் கண்டக்டர். ஊர் ஊராகத் திரிந்தவன்தான், ஆனால் வீடு என்று மாறியது இதற்கு முன் ஒரே தடவை. கலியாணமான அன்று, எங்கள் பகுதி வழக்கப்படி, மனைவி நஸீமாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு போனேன். கடலிலிருந்து நூற்றிருபது மீற்றர். சுனாமி அந்த வீட்டையும் நஸீமாவையும் கொண்டுபோனது. நான் அன்று வேலையில் இருந்தேன். ஏழு வயது ஷிரீனை அடுத்த வீட்டு மாடிப்படியில் ஏற்றிவிட்டு, தன் உம்மாவைக் கூட்டிவரக் கீழே இறங்கிய நஸீமா திரும்பவில்லை. பிறகு கூடாரம், பிறகு தகரக் கொட்டில் என்று நாலரை வருடம் போனது. இப்போது மருதமுனைக்கு மேற்கே, வயலோரம் கட்டிய மாடித் தொடரில் எங்களுக்கு ஒரு வீடு. முதல் தடவையாக என் பெயரில் ஒரு வீடு.

ஏழு ஐம்பது. கல்முனை தாண்டியதும் சோதனைச் சாவடி. யுத்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியும் மணல் மூட்டைகள் அப்படியே இருந்தன. ஒரு சிப்பாய் அலுமாரியைத் திறக்கச் சொன்னார். உள்ளே பள்ளிக்கூடச் சீருடை மட்டும் தொங்கியது.

"புது வீடா?" என்று தமிழில் கேட்டார்.

"ஓம், புது வீடு" என்றேன். கதவைத் தானே மூடிவிட்டு, போகச் சொல்லிக் கை காட்டினார்.

பாண்டிருப்பில் கோவில் ஒலிபெருக்கி, மருதமுனையில் தறிச் சத்தம், பிறகு இடது கைப் பக்கம் திரும்பி வயல் பாதை. எட்டரைக்கு வந்து சேர்ந்தோம். ஷிரீன் இறங்கி நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"நமக்கு மேல் வீடு கிடைக்கலயா வாப்பா?"

"குலுக்கல்ல கீழ் வீடுதான் விழுந்திச்சி மகள்."

தலையாட்டினாள். பிள்ளைகளுக்கு மாடி பிடிக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

முதல் மூன்று நாள் பழகுவதில் போனது. குழாயில் தண்ணீர் காலை ஐந்து முதல் ஏழு வரை மட்டும். பாண் ரொட்டி வண்டி ஆறரைக்குப் பாட்டோடு வரும். வயல் நுளம்பு மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னே கடிக்க வந்துவிடும். பக்கத்து வீடுகளிலிருந்து இடியப்பமும் மீன் ஆணமும் வந்தன. ஒரு விடயம்தான் எரிச்சலாக இருந்தது. மேல் மாடியில் அலியார் காக்கா என்று ஒரு மீன்காரர். கரையில் வைத்தால் களவு போகும் என்று படகு எஞ்சினைத் தோளில் தூக்கி முப்பத்தாறு படியும் ஏறுவார். முழங்கால் சுகமில்லாத மனிதர். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார். வைத்த இடமெல்லாம் எண்ணெய்.

நாலாம் நாள், விடியும் முன் சுபஹு பாங்குக்கு எழும்பினேன். ஷிரீனின் கட்டில் வெறுமையாக இருந்தது. முன்கதவு பூட்டில்லாமல் சாத்தியிருந்தது. வாசலில் காணாமல் படியேறி ஓடினேன். மேல் மாடியில், அலியார் காக்காவின் வாசலோடு ஒட்டி, புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு போர்வை. அது எங்கள் வீட்டுப் போர்வை இல்லை.

காக்காவின் மனைவி பாத்தும்மா ராத்தா கதவைத் திறந்து விரலை உதட்டில் வைத்தார்.

"மூணு நாளா இஞ்சதான் வந்து படுக்கிறா தம்பி. உள்ள வா எண்டா வாறாவுமில்ல. வாப்பாட்டச் சொல்லிராதீங்க எண்டு கெஞ்சினா. இண்டைக்கு நானே வந்து சொல்லணும் எண்டுதான் இருந்தன்."

பகல் அவளைப் பக்கத்தில் வைத்துக் கதைத்தேன். "கடல் இஞ்சருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல மகள். தண்ணி இவ்வளவு தூரம் வராது."

"அங்கயும் வராது எண்டுதானே சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒருநாள் கடல் இரைச்சலுக்குப் பயந்தவளிடம் அப்படிச் சொன்னது நான்தான்.

பின்னேரம் மேலே போனேன். தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான், வீட்டை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். அலியார் காக்கா தன் முழங்காலைத் தடவியபடி, "எனக்கெண்டா இப்பவே ஓம். எஞ்சின் தூக்கிறது மிச்சம். ஆனா இவவக் கேளுங்க" என்றார்.

பாத்தும்மா ராத்தா என்னைப் பல்கனிக்குக் கூட்டிப்போனார். சுனாமியில் தென்னைகள் விழுந்த இடைவெளியில் கடல் ஒரு துண்டு தெரிந்தது.

"இஞ்ச நிண்டுதான் தம்பி இவர்ர போட்டப் பாக்கிறன். முன்னுக்கு மஞ்சள் படங்குச் சீலை கட்டியிரிக்கு. அது தெரிஞ்சாத்தான் நான் சோறு வடிப்பன். கீழ போனா எனக்கு என்ன தெரியும்?"

அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. ஸலாம் சொல்லி இறங்கினேன். கீழ் வாசலில் ஷிரீன் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், இரவு தலைக்கு வைக்கப் புத்தகப் பையை எடுத்துவைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பாத்தும்மா ராத்தா இரண்டு கையிலும் பானைகளோடு நின்றார்.

"அந்தப் பிள்ளைக்கு இன்னொருக்காப் போர்வை போட என்னால ஏலாது. சாமானத் தூக்குங்க."

கிராம சேவகரிடம் இரண்டு வீட்டாரும் எழுதிக் கொடுத்தோம். பத்து மணிக்குள் வீடு மாறி முடிந்தது. அலுமாரிதான் இரண்டாம் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஆறரைக் கிலோமீற்றர் வந்ததைவிட முப்பத்தாறு படி ஏறியதில்தான் உடம்பு களைத்தது.

அடுத்த நாள் ஆறரைக்குப் பாண் வண்டி வந்து போனது. ஷிரீன் எழும்பவில்லை. ஏழேகாலுக்கும் எழும்பவில்லை. வாயைத் திறந்தபடி, கையையும் காலையும் விரித்துத் தூங்கினாள். அன்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பவில்லை.

பதினொரு மணிபோல் கீழிருந்து பாத்தும்மா ராத்தாவின் குரல் வந்தது.

"மகள், மாமாட போட்டுத் தெரியுதா?"

ஷிரீன் என்னைப் பார்த்தாள். நான் எழும்பப் போனேன். அதற்குள் அவளே பல்கனிக்குப் போய்க் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுனாமிக்குப் பிறகு அவள் கடலைப் பார்த்தது அதுதான் முதல். கண்ணைச் சுருக்கித் தென்னை இடைவெளியில் தேடினாள்.

"மஞ்சள்தானே மாமி?"

"ஓம், மஞ்சள்."

"வருது. சோறு வடிங்க."

பழைய வீட்டில் கடல் நூற்றிருபது மீற்றரில் இருந்தது. நடுவில் வீடுகளும் வேலிகளும். பத்து வருடம் அங்கே இருந்தும் வாசலில் நின்று நான் கடலைக் கண்டதில்லை. இங்கே ஒரு கிலோமீற்றருக்கு மேல். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் என் மகள் அதைப் பார்த்துக் கீழே செய்தி சொல்கிறாள்.