கத்தரிக்கோல்காரர் வளர்த்த மான்ஸ்டெரா

பேருந்து நிலையத்தின் பின்தெருவில் இருக்கும் அந்தச் சலூனுக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள், முடி வெட்ட வந்ததையே ஒரு கணம் மறந்துபோவார்கள். எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் ஆளுயரக் கண்ணாடி. ஜன்னலோரம், நார் சுற்றிய கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மான்ஸ்டெரா. தாம்பாளம் அளவுக்கு இலைகள். ஒவ்வொன்றிலும் ஓட்டைகள், நீள நீளக் கிழிசல்கள். இருப்பது ஒரே செடிதான். கண்ணாடிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில் அது ஒரு தோப்பாகத் தெரியும்.

“என்ன மாஸ்டர், பூச்சி அரிச்சிருச்சா?” என்று யாராவது கேட்டால் போதும். சலூன்காரர் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திவிடுவார்.

“அரிச்சதா? அது அழகுங்க! சின்ன வயசுல இலை முழுசாத்தான் வரும். செடி வளர்ந்து, வெளிச்சமும் சரியா கிடைச்சாத்தான் இப்படிக் கிழிஞ்சு விரியும். தலையைக் குனிங்க, பின்கழுத்து பாக்கியிருக்கு.”

ஐம்பதைத் தாண்டியவர். மீசை மட்டும் இன்னும் கறுப்பு. காரணம் கேட்கக் கூடாது. இளம் வயதில் யாரோ ஒருவர் கடையில் துண்டு மடிக்கச் சேர்ந்து, படிப்படியாகக் கத்தி பிடித்து, கடைசியில் இந்தக் கடையைச் சொந்தமாகப் போட்டவர். கிருதா இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்றால் அவரிடம்தான் போக வேண்டும் என்று ஊரின் மறுகோடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. அவருக்கு ஒரே ஒரு வியாதி. எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முடி வெட்ட உட்காருகிறவரின் சட்டையில் நூல் தொங்கினால் அதையும் சேர்த்து நறுக்கிவிட்டுத்தான் எழுப்புவார்.

ஆனால் வளர்க்கிற விஷயத்தில் அவருக்குக் குடும்பத்தில் மகா கெட்ட பெயர். மீன்தொட்டி வாங்கினார், மீன்கள் வரிசையாக மிதந்தன. நாய்க்குட்டி கொண்டுவந்தார்; அது மூன்றாவது வீட்டுக்காரரிடம் போய்த் தங்கிவிட்டது, கூப்பிட்டாலும் வாலை மட்டும் ஆட்டியது. “தம்பி கைக்குப் போயிடுச்சா? அப்ப கணக்கு முடிஞ்சுது” என்பது அவருடைய அக்காவின் வழக்கமான வசனம்.

அந்த அக்காதான் மான்ஸ்டெராவின் சொந்தக்காரர். பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று ஓட்டுநருக்கே தெரியாதாம். சின்னக் கன்றாக வாங்கிய செடியைத் தன் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவுக்கு வளர்த்திருந்தார். மகனுக்குக் குழந்தை பிறந்தது. குழந்தை தவழ ஆரம்பித்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைத்தது. மான்ஸ்டெரா இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். செடியா, பேரனா என்ற கேள்விக்கே இடமில்லை. தொட்டியை டாக்சியில் ஏற்றி, வேறு வழியே இல்லாமல், தம்பியின் கடையில் இறக்கினார்.

“பையன் கொஞ்சம் வளர்ற வரைக்கும்தான். உசிரோட திருப்பிக் கொடு, போதும். அழகா வேணும்னுகூடக் கேக்கலை.”

அந்த ‘உசிரோட’ என்ற வார்த்தை சலூன்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. தழைக்கத் தழைக்கத் திருப்பிக் கொடுத்து அக்கா வாயை அடைக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சவால் விட்டார். “மாத்துங்க, மாத்துங்க. உங்களை யாரு பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க?” என்றார் மனைவி.

கொஞ்ச நாளில் தண்டின் கணுக்களிலிருந்து பழுப்பு நிறத்தில் கயிறு கயிறாக ஏதோ முளைத்து அந்தரத்தில் தொங்கியது. சலூன்காரருக்குக் கை நமநமத்தது. ஒரு வாரம் சவரம் செய்யாத முகம் மாதிரி இருக்கிறதே! கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தண்டோடு ஒட்ட நறுக்கினார். அத்தோடு விட்டாரா? சவரம் முடிந்தால் செய்கிற அடுத்த வேலையையும் கை தானாகச் செய்தது. வெட்டிய இடங்களில் படிகாரக் கல்லை நனைத்துத் தேய்த்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். செடி மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அது மறுபடி முளைத்தது. மறுபடி சவரம். புதிதாக வந்த இலையோ உள்ளங்கை அகலம்தான் இருந்தது; ஓட்டையும் இல்லை, கிழிசலும் இல்லை.

அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இலையைப் பார்த்தார். விரலைத் தண்டின்மேல் ஓட்டினார். வெட்டுத் தழும்பில் விரல் நின்றது.

“இது என்னடா?”

“தாடி எடுத்தேன்க்கா.”

நாற்காலியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்த பக்கத்து மருந்துக்கடைக்காரர் நுரை தெறிக்கச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“அட மடையா, அது வேர்டா! காட்டுல இந்தச் செடி அதை வெச்சுத்தான் மரத்தைப் பிடிச்சு ஏறும். அதைப் போய்ச் செரைச்சு வெச்சிருக்கியே! வெள்ளையா இது என்ன?”

“படிகாரம்.”

“படிகாரமா?” அக்கா வாசல் பக்கம் திரும்பி மூச்சை இழுத்துவிட்டார். “இனிமே இதுமேல கத்தி, கத்தரி எதுவும் படக் கூடாது. அடுத்த தடவை வரும்போது செடி வாடி நின்னுச்சு, நேரா மருந்துக்கடை சாருக்குத் தூக்கிக் கொடுத்திட்டுப் போயிடுவேன். அவர் ரொம்ப நாளா கேக்குறார்.”

“எங்க கடையில கண்ணாடிக் கதவு இருக்கும்மா. நல்ல வெளிச்சம்,” என்றார் மருந்துக்கடைக்காரர், பாதி முகத்தோடு.

“திரும்பாதீங்க சார், வெட்டிடப் போகுது,” என்றார் சலூன்காரர். சொன்ன விதத்தில் மருந்துக்கடைக்காரர் சிலையாகிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் செடியை ஒரு வாடிக்கையாளர் முகம் போலப் பார்க்கத் தொடங்கினார். கடையில் பறக்கிற பவுடரும் பொடிமுடியும் இலைகளில் படிந்து கிடந்தன. ஈரத் துண்டால் துடைத்தார். இலைக்கு அடியில் இடது கையைக் கொடுத்து, முகவாயைத் தாங்குகிற மாதிரி. வேர்களை நார்க்கம்பின் பக்கம் திருப்பி மெதுவாகக் கட்டினார். இலைகள் ஜன்னலைவிட எதிர்க் கண்ணாடியை நோக்கித்தான் அதிகம் சாய்கின்றன என்று கவனித்தார். காலை வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி அந்தப் பக்கமிருந்துதான் கொட்டியது. செடி ஒருபக்கமாகக் கோணக் கூடாதே! ஓரமாகக் கிடந்த பழைய சுழல் நாற்காலியின் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிப்பாகத்தின்மேல் தொட்டியை ஏற்றினார். வாரத்துக்கு ஒருமுறை ஒரு கால் சுற்று. மான்ஸ்டெராவுக்குச் சுழல் நாற்காலி போட்டுக் கொடுத்த கடை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது, சுருட்டு மாதிரி நின்ற குருத்து அவிழ்ந்திருந்தது. இளம்பச்சை, பளபளவென்று. ஓரத்தில் கிழிசல். இரண்டு பக்கமும். அவர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

“கிழிஞ்சிருச்சு!”

“என்னது, பேண்ட்டா?”

“இலைடீ!”

அங்கேதான் பெருமை கண்ணை மறைத்தது. வருகிறவர்கள் எல்லோரிடமும் செடிப் புராணம். ஈரம் வேண்டும், ஈரக்காற்று என்றால் அதற்கு உயிர் என்று சொல்லிச் சொல்லி, தலைக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலையே செடிக்குப் பக்கத்தில் வைத்தார். சலூனில் காத்திருக்கிறவனுக்கு என்ன வேலை? ஆளாளுக்கு நாலு தடவை அடித்தார்கள். பாட்டில் தீர்ந்தால் டம்ளர். குடித்து மிச்சம் வைத்த தண்ணீரைக்கூட வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றினார்கள். சலூன்காரர் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பூரித்தார். என் கடைக்கு வருகிறவர்களுக்குத்தான் செடிமேல் எவ்வளவு பாசம்!

அடியிலை முதலில் மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அவரும் தன் பங்குக்கு ஒரு சொம்பு ஊற்றினார். அப்புறம் இன்னொரு இலை. ஒரு காலை தொட்டிப் பக்கம் குனிந்தவருக்குச் சாக்கடை நாற்றம் குப்பென்று அடித்தது. தண்டின் அடியை அழுத்தினார். அழுகின பழம் மாதிரி விரல் உள்ளே போனது.

கடையை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடி அழுகினால் அழுகல் மேலே ஏறும். ஏறுவதற்கு முன்னால் நல்ல தண்டு வரைக்கும் வெட்டித் தனியாக எடுக்க வேண்டும். அக்காவோ கத்தி படக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெட்டினால் சொல்லை மீறினவன், வெட்டாவிட்டால் கொன்றவன். இரண்டில் எதைச் செய்தாலும் அக்கா நேரே மருந்துக்கடைக்குத்தான் நடப்பார்.

மனைவி ஒரு யோசனை சொன்னார். “ஏங்க, நர்சரியில இதே உயரத்துல ஒண்ணு வாங்கி வெச்சிடுவோம். எல்லா இலையும் ஒரே மாதிரிதானே? உங்க அக்காவுக்குத் தெரியவா போகுது?”

அவருக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு தலையை ஆட்டினார். “நெரிசல் பஸ்ல, டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே இறக்கிவிட்டவ அவ. என் முகம் அவளுக்குத் தெரியாதா? அதுவும் போக, இது நான் வளர்த்த இலை. இதை எறிஞ்சிட்டு எவனோ வளர்த்ததை என்னுதுன்னு காட்டணுமா?”

எழுந்தார். புது பிளேடைக் கத்தியில் மாட்டி, கிருமிநாசினியில் நனைத்துத் துடைத்தார். செடியின் பால் பட்டால் கை அரிக்கும் என்பதால் தலைச்சாயம் பூசுகிற கையுறையைப் போட்டுக்கொண்டார். அடியிலிருந்து சின்னச் சின்ன வில்லையாக நறுக்கிக்கொண்டே மேலே போனார். முதல் வில்லை பழுப்பு. அடுத்ததில் நடுவில் மட்டும் பழுப்பு. அதற்கும் மேலே வெட்டினார். வெட்டுவாய் வெள்ளரிக்காய் மாதிரி சுத்தமாக இருந்தது. அந்த இடத்துக்குச் சற்று மேலே, அக்கா திட்டிய பிறகு அவர் தொடாமல் விட்ட வேர் ஒன்று கணுவிலிருந்து நீளமாகத் தொங்கியது. உயிர் பிழைக்க ஒரு வழி இருந்தது.

ஒரு நாள் முழுக்க வெட்டுவாயை நிழலில் காயவிட்டார். பிறகு பெரிய கண்ணாடி ஜாடியில், அந்த வேர் மட்டும் மூழ்குகிற மாதிரி நிறுத்தினார். தண்ணீர் கலங்குவதற்குள் மாற்றினார். ஸ்ப்ரே பாட்டில் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. பழைய பழக்கத்தில் டம்ளரோடு எழுந்த ஒருவரைப் பார்த்து, “உட்காருங்க. தண்ணி தாகத்துக்கு மட்டும்,” என்று அவர் போட்ட அதட்டலில் வரிசை முழுக்க உட்கார்ந்தது.

நாட்கள் போயின. எந்த மாற்றமும் இல்லை. அப்புறம் ஒரு காலை, பழுப்பு வேரின் பக்கவாட்டில் அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று. அடுத்த வாரம் அது விரல் நீளம். கூடவே இன்னும் இரண்டு.

அக்கா அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல நாற்காலியில். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. அக்கா கண்கள் ஜன்னலோரம் போயின. காலி இடம். முகம் இறுகியது.

அவர் கேட்பதற்குள் சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“அடி அழுகிடுச்சுக்கா. தண்ணி அதிகமாயிடுச்சு. வர்றவங்களை ஊத்த விட்டது என் தப்பு. நல்ல பாகத்தை வெட்டி எடுத்துட்டேன். நீ வேண்டாம்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் வெட்டினேன். இதோ இருக்கு.”

ஜாடி கண்ணாடிக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் இருந்தது. அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். தண்ணீரை முகர்ந்தார். வெட்டுவாயைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“எதால வெட்டின?”

“புது பிளேடு. கிருமிநாசினி போட்டுத் துடைச்சேன்.”

“வெட்டினதும் தண்ணியில போட்டியா?”

“இல்ல. ஒரு நாள் காயவிட்டேன்.”

“படிகாரம்?”

“போடலைக்கா.”

அக்காவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஜாடியைக் கீழே வைத்தார். “சரி, கொடு. பையன் இப்ப தொடாதேன்னா கேக்குறான். டாக்சி வெளிய நிக்குது.”

“இப்ப தரமாட்டேன்.”

சலூன்காரருக்கே தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“வேர் ரொம்பப் பிஞ்சுக்கா. டாக்சி குலுக்கல்ல ஒடிஞ்சிடும். இன்னும் கிளை விடணும். அப்புறம் மண்ணுக்கு மாத்தணும். அது பிடிச்சு, ஒரு இலை விரியட்டும். அதுக்கு முன்னாடி இது எங்கயும் போகாது.”

“இதென்ன மாஸ்டர் அநியாயமா இருக்கு? அவங்க செடியை அவங்களுக்கே தரமாட்டீங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர், காய்ந்துபோன நுரைக்குள்ளிருந்து.

“சார், நீங்க இதுல நுழையாதீங்க,” என்றார் அக்கா. தம்பியைப் பார்த்த பார்வையை எடுக்கவில்லை. “சர்வீஸ் முழுக்க எவ்வளவோ பேரைப் பிடிச்சிருக்கேன். கேக்குறதுக்கு முன்னாடி தானா வந்து சொன்னவன் எவனும் இல்ல. சொல்லிட்டு, அதுக்கு மேல தரமாட்டேன்னு நின்னவனும் இல்ல.”

அக்கா, காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“இது இங்கயே இருக்கட்டும். உன் செடி இது, இனிமே யாரும் கேக்கப் போறதில்ல. கேட்டீங்களா சார்? நான் எனக்கு வேற கன்னு வாங்கிக்கிறேன். நர்சரிக்கு நீயும் வா. எதை எடுக்கிறதுன்னு நீ பார்த்துச் சொல்லு.”

சலூன்காரர் கிண்ணத்தில் வெந்நீர் விட்டு, பிரஷைச் சுழற்றி, புது நுரை எழுப்பினார். மருந்துக்கடைக்காரரின் கன்னத்தில் அதை மெத்தென்று பூசினார். பிறகு, கண்ணாடியில் தெரிந்த அக்காவைப் பார்த்து, சீட்டில் உட்காருகிற புது ஆளிடம் கேட்கிற அதே தொனியில் கேட்டார்:

“உன் கூடத்து ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு? கிழக்கா, மேற்கா? மத்தியான வெயில் நேரா விழுமா? ஒளிக்காம சொல்லு.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, யோசித்து யோசித்து, பதில் சொல்லத் தொடங்கினார்.