கட்டடங்களுக்கு விளக்குப் பிடித்தவள்

தெருவில் அவருக்கு ஆந்தை என்று பெயர். பகலில் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். நிலா இல்லாத இரவுகளில் பழைய கட்டடங்களை நட்சத்திரங்களோடு சேர்த்துப் படமெடுப்பார். இருபத்திரண்டு வருடம் மனைவியும் கூடவே போனாள். அவள் இறந்து இரண்டு மாதமாகிறது. அந்த இரவுகளின் படம் ஒன்றில்கூட அவள் இல்லை. வீட்டில் எடுத்த படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கல்யாண வீட்டுச் சிரிப்பு. இருட்டில் தன்னோடு இருந்தவளின் படம் ஒன்று, ஒன்றே ஒன்று, அவருக்கு வேண்டியிருந்தது.

அவள் இல்லாததற்குக் காரணம் அவரேதான். நட்சத்திரம் பதிய, கேமரா முப்பது விநாடி கண் திறந்திருக்க வேண்டும். அதற்குள் ஒருவர் கட்டடத்தின் முன்னால் டார்ச்சோடு நடந்தால் சுவரில் மெல்லிய வெளிச்சம் படியும். கறுப்பு உடுத்தி, நிற்காமல் நடந்தால் நடப்பவர் படத்தில் விழமாட்டார். நின்றால் கறை.

"ஊர்ல இருக்கற கல்லுக்கெல்லாம் விளக்குப் பிடிச்சாச்சு. எனக்கு என்னிக்காவது யாராவது பிடிச்சீங்களா?" என்பாள்.

"நீ கொஞ்சம் அசையாம நில்லு, பிடிக்கிறேன்."

"நின்னாத்தான் திட்டறீங்களே!"

கடைசியாகப் போனது பழைய நீதிமன்றத்துக்கு. முன்பக்கக் கேமராவை அடுத்தடுத்துத் தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டு, இன்னொரு கேமராவோடு அவர் கட்டடத்தின் பின்பக்கம் போனார். கோபுரத்துக்கு மேலே வானம் அன்று அப்படித் தெளிந்திருந்தது. திரும்பி வந்து சின்னத் திரையைப் பார்த்தால், வரிசையாகப் பல படங்களில் படிக்கட்டில் ஒரு கறை.

"நிக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? ராத்திரியே பாழ்."

"கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. அடுத்ததுக்கு ஓடியே காட்டறேன், போதுமா?"

ஓடவில்லை, ஆனால் நடந்தாள், அதற்குப் பிறகும் ஒன்பது படங்களுக்கு. வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றியதும் கறை விழுந்தவற்றைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் அழித்தார். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரி நடையில் டாக்டர், "முன்னாடி எப்பவாவது மூச்சு வாங்கிச்சா?" என்று கேட்டபோது, "இல்லையே" என்றார். பொய் சொல்லவில்லை. அது அவர் நினைவுக்கு வரவே இல்லை.

இப்போது வந்தது. அழித்த படங்களை மீட்டுத் தரும் கடைக்கு ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாலாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டார்.

"பதினொன்னு தேறுச்சு சார். ஆனா எல்லாத்துலயும் நடுவுல ஏதோ அழுக்கு மாதிரி இருக்கு. நீக்கிக் குடுத்துடவா?"

"கைய வைக்காதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் படத்தில் தூணைப் பிடித்தபடி நிற்கிறாள், கலங்கலாக. இரண்டாவதில் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவதில் கை நெஞ்சில். டார்ச் கீழ்ப்படியில் கிடக்க, அதன் வெளிச்சம் பக்கவாட்டில் அவள் முகத்தில் விழுந்திருந்தது. அசையாததால் முகம் அவ்வளவு தெளிவு. அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

"அம்மா!" என்று மகள் திரையைத் தொட்டாள்.

அவர் நிறுத்தியிருக்கலாம். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும். பத்தாவது வரை அதே படி, அதே கை. பதினொன்றாவதில் தூணைப் பற்றி எழுந்துகொண்டிருந்தாள். படத்துக்கு முப்பது விநாடி என்றால் ஐந்தரை நிமிடம். ஏழாவதிலிருந்து முகம் கேமராவைப் பார்க்கவில்லை. அவர் போன பக்கமாகத் திரும்பியிருந்தது.

மகள் திரையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

"அங்கதாம்மா இருந்தேன்," என்றார். "கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்."

சொல்லி முடித்ததும்தான் தெரிந்தது, குற்றத்தை இப்போதும் மனைவி மேலேயே போட்டுவிட்டது. மகள் எழுந்து உள்ளே போனாள். அவர் கூப்பிடவில்லை.