என் பெயரில் விழுந்த இரண்டு கோல்

எங்கள் வீட்டு ஆராதனைப் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒரு தெலுங்குப் பத்திரிகைத் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் பாதிகூட வராது. மடித்த இடம் கிழிந்துபோய், பின்னால் வெள்ளைக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். திருப்பதியில் நடந்த இலாகா கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சித்தூர் அணி வென்றது, இரண்டு கோலையும் அடித்தவர் இன்னார் என்று நான்கே வரி. அந்த இன்னார் நான்தான். ஆனால் அன்றைக்கு நான் பந்தைத் தொடவே இல்லை. வேலிக்கு வெளியே, மாங்காய்க் கீற்று விற்கிற அம்மாவுக்குப் பக்கத்தில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னபோது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

கோல் அடித்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். நானும் அவரும் சித்தூரில் திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அங்கிருந்த மைதானத்தில் ஆட ஆரம்பித்தவர், அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் வேறு எதுவும் செய்யவில்லை. மதராஸில் இரண்டு சீசன், பெங்களூரில் ஒரு மில் அணி, தங்கவயலில் ஒரு மழைக்காலம். எங்கே சென்டர் ஃபார்வர்டுக்குக் காய்ச்சல் என்றாலும் இவருக்குத் தந்தி வரும். ஒரு பையில் பூட்ஸையும் லுங்கியையும் திணித்துக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறுவார். சீசன் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு பெர்மனென்ட் வேலை. பந்து ஆடுகிறவனுக்கு ஏதாவது ஒரு இலாகா நாற்காலி போட்டுத் தரும் என்று நம்பித்தான் அத்தனை ரயிலும் ஏறினார்.

அந்தக் காலத்தில் இலாகா போட்டிகளில் நிரந்தர ஊழியர்கள் மட்டுமே ஆடலாம். அடையாள அட்டையில் படம் கிடையாது, பெயர்ப் பட்டியலும் ரப்பர் ஸ்டாம்பும் போதும். அதனால் எல்லா அலுவலகமும் ஒன்றிரண்டு குமாஸ்தாக்களின் பெயரில் வெளியாட்களை இறக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். மச்சான் ஒரே வருடத்தில் நான்கு பேராக ஆடியிருக்கிறார். “எந்தப் பேர்ல கூப்ட்டாலும் திரும்பிப் பாத்துடுவேன் மாப்ள, என் பேர்ல கூப்ட்டா மட்டும் கொஞ்சம் லேட்டாவுது” என்பார். சித்தூரில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில், கால்பந்துப் பைத்தியமான எங்கள் சூப்பரிண்டெண்டு மச்சானை இறக்க என் பெயரைக் கேட்டபோது, நான் மறுப்பு சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் குஷியாகவே இருந்தது.

இரண்டாவது கோல் விழுந்த அதே நொடியில், எதிரணி கோல்கீப்பர் முழு உடம்போடு மச்சானின் இடது காலின்மேல் விழுந்தார். சத்தம் வேலிவரை கேட்டது. வாடகைக் காரில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போனோம். புத்தூரில் கட்டுப் போடுகிறவர் எலும்பைத் தடவிப் பார்த்து இழுத்து உட்கார வைத்தார். பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வேர்த்து ஊற்றுகிற முகத்தோடு மச்சான் சிரித்தார். “இங்க ஒருத்தரும் பேரு கேக்கல மாப்ள. காலத்தான் பாத்தாங்க.”

கூடவே வந்திருந்த சூப்பரிண்டெண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. இறுதி ஆட்டத்தைத் தூரத்து மேடையிலிருந்து பார்த்த பெரிய அதிகாரிகள் அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். கால் ஒடிந்தவன் நான் அல்லவா? “நீயும் ஒரு கட்டுக் கட்டிக்கினு வந்துடுப்பா, நம்ம மானம் போயிடும்” என்றார். ஒன்றரை மாதம் நான் நொண்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டுவேன். அடியில் கட்டிலில் நிஜக் கட்டோடு மச்சான் படுத்திருப்பார். “இன்னா மாப்ள இப்படி நடக்கிற? இன்னும் கொஞ்சம் இழுத்து நட. எனக்கு அவ்ளோ லேசாவா ஒடிஞ்சிது?” என்று படுத்தபடியே சொல்லிக்கொடுப்பார். ஒருநாள் கட்டு இடது காலில் இருக்க, வலது காலை நொண்டிவிட்டேன். அதை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னதும் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்த ஒன்றரை மாதம்தான் எங்கள் வீட்டில் அதிகம் சிரித்த காலம் என்று நினைக்கிறேன்.

பெரிய அதிகாரி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பாராட்டுச் சான்றிதழ் என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறியது. அடுத்த வருடம் சீனியர் கிளார்க் ஆனேன். அதே வருடம்தான் மச்சான் எங்கள் வீட்டுக்கு ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். ரேணிகுண்டாவில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒரு வேலை. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. பெரிய போட்டி ஒன்றில் ஆடியதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவர் அடித்த நல்ல கோல் எல்லாம் ஊரார் பெயரில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சோற்றைப் பிசைந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “திருப்பதியில ஆடனது நான்தான்னு ஒரு வரி எழுதிக் குடு மாப்ள. சூப்பரிண்டெண்டு கிட்ட நானே கையெழுத்து வாங்கிக்கிறேன்.” என் மனைவி ரசக் கரண்டியோடு நின்றுவிட்டாள். எழுதிக் கொடுத்தால் என் வேலை போகும், குறைந்தது பதவி உயர்வாவது போகும். “பார்க்கலாம் மச்சான்” என்றேன். நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாதா? “சரி சரி, நிதானமா பாரு” என்று சொல்லி, இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டார். கடைசித் தேதி போய்விட்டது. அவர் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்தக் காலோடு இன்னும் நான்கைந்து வருடம் திருவிழாப் போட்டிகளில் ஆடினார். பஸ் சார்ஜும் பிரியாணியும் கொடுத்தால் போதும். பிறகு புத்தூரில் ஒரு வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பக்கம் போனபோது ஒருமுறை பார்த்தேன். “கால் எப்படி இருக்குது மச்சான்?” என்று கேட்டேன். “எந்தக் காலு மாப்ள, உன்னுதா என்னுதா?” என்று சிரித்துவிட்டு, எனக்கு டீ சொன்னார்.

மச்சான் இறந்து, அவர் அடக்கத்துக்குக் கிளம்பும்போது என் மனைவி பாட்டுப் புத்தகத்திலிருந்து இந்தத் துண்டை எடுத்து நீட்டினாள். “இத்த அண்ணன் பொட்டியில வெச்சுடுங்க. அவருதுதான?” இத்தனை வருடத்தில் அவள் இதைப் பற்றிப் பேசியது அந்த ஒருமுறைதான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சபை ஐயர் ஜெபம் பண்ணும்போது இரண்டு தடவை கை பைக்குப் போனது. பெட்டியை மூடினார்கள், இறக்கினார்கள், எல்லோரும் மண் போட்டோம். துண்டு என் பையிலேயே திரும்பி வந்தது. பழைய பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில் புத்தகத்தைத் திறந்தவள் அதைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

என் பெயரோடு அவரைப் புதைக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். இப்போதும் அந்த நான்கு வரியை எடுத்துப் படிக்கும்போது, வெட்கம் வருவதற்கு முன்னால், ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருக்கிறது.