ஸ்கீயின் அடியில் ரவி அண்ணையின் கடை

மலையில்லாத டென்மார்க்கில் இருந்துகொண்டு மலையிலிருந்து சறுக்கி இறங்குவதைத் தொழிலாக்கக் கிளம்பிய சக நோயாளிகளே, உங்கள் முழங்கால்கள் நலமா? என் விளையாட்டில், ஸ்கீ என்கிற நீளமான சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, பாதை போடாத பனிச்சரிவில், பாறைகளுக்கு மேலால் பாய்ந்து இறங்க வேண்டும். நடுவர்கள் புள்ளி போடுவார்கள். மற்ற நாட்களில் எனக்கு டென்மார்க்கின் வைலே நகரில் முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை. குளிர்காலம் முடிவதற்குள் போட்டிச் செலவுக்குப் பணம் தர ஒரு ஸ்பொன்சர் கிடைக்காவிட்டால் அங்கேயே முழுநேரமாகிவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த நாளிலிருந்து பயம்தான்.

என்ன படிப்பு?

மகள் மலையில் சறுக்குகிறாள் என்று அம்மா ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்பவர்களுக்கு, நான் சறுக்கப் போகும் மலைநாடான ஒஸ்ரியாவில் படிக்கிறாளாம். ஒருநாள் ஒடென்சே நகரத்து மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, நீ என்ன படிக்கிறாய் எண்டு கேக்கிறா. டொக்டர் எண்டால் முழங்காலைக் காட்ட வந்திடுவா. வேறை ஏதும் சொல்லு."

முகம் தேவை

கோப்பன்ஹேகனில் ஒரு குளிருடுப்பு நிறுவனம் விளம்பரத்துக்கு "வித்தியாசமான முகம்" தேடியது. என் படங்களை அனுப்பினேன். எல்லாவற்றிலும் ஹெல்மெட், கண்ணாடி, மூக்குவரை துணி. அந்த அலுவலகப் பெண் மிகவும் பண்பாகச் சொன்னார்: "நீங்கள் தமிழர் என்பது எங்கேயும் தெரியவில்லையே. இதையெல்லாம் கழற்றிவிட்டுப் பாய்ந்தால் என்ன?"

இடம் கிடக்கு

கடைசியில் கைகொடுத்தவர் வைலேயில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரவி அண்ணை. அவர் பணம் தருவதாகவும், பதிலுக்கு நான் கடைப் பெயரை ஸ்கீயின் அடிப்பக்கத்தில் ஒட்டுவதாகவும் பேச்சு. ஸ்கீயின் நீளத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆசை கூடிவிட்டது. "ஃபோன் நம்பரையும் போடு தங்கச்சி. வெள்ளிக்கிழமைதான் கறிவேப்பிலை வரும் எண்டதையும் போடு. இடம் கிடக்குத்தானே."

இரண்டு போட்டிகள்

ஒஸ்ரியாவில் முதல் போட்டி. இரண்டாவது பாறையில் குப்புற விழுந்தேன். ஒரு ஸ்கீ கழன்று உருண்டு, அடிப்பக்கம் மேலே தெரிய நின்றது. நான் அதை நோக்கித் தவழ்ந்த நேரம் முழுவதும் நேரலைக் கமெரா அதையே காட்டிக்கொண்டிருந்தது. நான் கடைசி இடம். அந்த வெள்ளிக்கிழமை கடையில் கறிவேப்பிலை மத்தியானத்துக்குள் முடிந்ததாம்.

அடுத்த போட்டியில் ஒரு இடத்திலும் விழவில்லை. நான்காம் இடம். சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது. உடனே ரவி அண்ணைக்கு அழைத்தேன். அவரும் நேரலையில் பார்த்திருந்தார். "நல்லாத்தான் ஓடினாய் தங்கச்சி, குறை சொல்லேல்லை. ஆனால் கடைப் பேர் ஒரு எழுத்தும் தெரியேல்லை. வாற வருசமும் நான் காசு தரோணுமெண்டால், ஒருக்கா எண்டாலும் விழு."

ஆக, விழாமல் இறங்கப் பத்து வருடம் பழகிய நான், முதியோர் இல்லத்தில் முழுநேரமாகாமல் தப்புவதற்காக இப்போது ஸ்கீயின் அடிப்பக்கம் கமெராவைப் பார்த்து நிற்கும்படி விழப் பழகிக்கொண்டிருக்கிறேன்.